நாவல் படிக்கறதும் படிச்சதைப் பத்தி நாலு பேர்கிட்ட பேசறதும்: புதுசா வர்றவங்களுக்கு

"நாவல் படிக்க ஆசையா இருக்கு, எதுல ஆரம்பிக்கறது"ன்னு ஒருத்தர் கேட்டா போதும், பத்து நிமிஷத்துல நூறு பேர் நூறு புக் பேரைச் சொல்லிட்டுப் போயிடுவாங்க, கேட்டவர் அதையெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு கடைசி வரைக்கும் ஒண்ணையும் தொட மாட்டார். அதனால இங்க பெரிய லிஸ்ட் எல்லாம் கிடையாது. ஒரு புக்கை எடுத்து முடிக்கறது எப்படி, முடிச்ச அப்புறம் அதைப் பத்தி வாயைத் திறந்து பேசறது எப்படி, இது ரெண்டுதான். ரெண்டாவதுலதான் எனக்கு ஆர்வம் ஜாஸ்தி, ஏன்னா படிக்கற சுகத்துல பாதி அந்தப் பேச்சுல இருக்கு, நாம என்னன்னா "செம புக் ப்ரோ", இல்லைன்னா "மொக்கை"ன்னு ஒத்தை வார்த்தையில கதவைச் சாத்திடறோம்.

ஸ்டெப் 1: மெலிசான புக்கா எடுங்க

எடுத்த எடுப்புல பொன்னியின் செல்வன்னு சொல்ற ஆளுங்கதான் அதிகம். தப்பு சொல்ல மாட்டேன், அதுல ஆரம்பிச்சு வாழ்நாள் முழுக்க படிச்சவங்க லட்சக்கணக்குல இருப்பாங்க. ஆனா அது அஞ்சு பாகம், ரெண்டாயிரம் பக்கத்தைத் தாண்டும். 1950ல இருந்து 1954 வரைக்கும் எழுத்தாளர் கல்கி தன்னோட கல்கி பத்திரிகைல வாராவாரம் எழுதின தொடர்கதை அது, அடுத்த வாரம் இதழை எப்படா வாங்குவோம்னு இருக்கணும்ல, அதனாலதான் ஒவ்வொரு அத்தியாயமும் யாரோ கதவைத் தட்டற இடத்துலயோ கத்தியை ஓங்கற இடத்துலயோ போய் நிக்கும். ஊரே மூணரை வருஷம் உட்கார்ந்து படிச்சதை நீங்க ஒரு தீபாவளி லீவுல முடிக்கப் பார்த்தா மூச்சு வாங்கத்தான் செய்யும். படிக்கறதுன்னா ஒரு நாளைக்கு ரெண்டு அத்தியாயம்னு வச்சுக்கோங்க, பாதியில நின்னு போச்சுன்னா "நமக்கு இதெல்லாம் வராது"ன்னு மட்டும் முடிவு கட்டிடாதீங்க.

எனக்குக் கேட்டா முதல் புக் இருநூறு பக்கத்துக்குள்ள இருக்கறது நல்லது. ரெண்டு புக் பேர் சொல்றேன். ஒண்ணு பூமணியோட வெக்கை, 1982ல வந்தது. கோவில்பட்டி பக்கத்து கரிசல் பூமி, சிதம்பரம்னு ஒரு பதினஞ்சு வயசுப் பையன், தன் அண்ணனைக் கொன்ன வடக்கூரானோட கையை மட்டும் வெட்டணும்னு போறான், வெட்டு வேற இடத்துல விழுந்து ஆளே காலி. இது கடைசியில வர்ற விஷயம் இல்ல, முதல் பக்கத்துலயே முடிஞ்சுடும். மிச்ச நாவல் முழுக்க அப்பனும் மகனும் காடு, கண்மாய், மலைன்னு ஒளிஞ்சு திரியறது, கிடைச்சதைப் பொங்கித் திங்கறது, பேசறதுதான். 2019ல வந்த அசுரன் இதை வச்சு எடுத்ததுதான், படம் பார்த்தவங்களுக்கு இது ரொம்ப வசதி, ஏன்னா படத்துல இருக்கற அந்த பெரிய ஃப்ளாஷ்பேக்கை நாவல்ல தேடிப் பாருங்க, அங்கயே பேச ஒரு விஷயம் கிடைச்சுடும்.

இன்னொண்ணு அசோகமித்திரனோட தண்ணீர். மெட்ராஸ்ல தண்ணிப் பஞ்சம் இருந்த காலம், ஒரு தெரு, ஜமுனான்னு ஒரு பொண்ணு, அவ தங்கச்சி சாயா, விடிய முன்னாடி எழுந்து குடமும் கையுமா அலையற பொம்பளைங்க. இதைப் படிச்சுட்டு "ஒண்ணுமே நடக்கலையே"ன்னு தோணலாம். தோணட்டும், அதை எப்படி பேச்சாக்கறதுன்னு கீழ சொல்றேன்.

ஸ்டெப் 2: புக் எங்க கிடைக்கும்

முதல்ல உங்க ஏரியா கிளை நூலகத்துக்குப் போங்க. மெம்பர் ஆகறதுக்கு ஆகற காசு ரெண்டு டீ, ஒரு பஜ்ஜி கணக்குதான் வரும், அதுக்கே நிறைய பேர் போறதில்ல. அங்க நாவல் ரேக்ல அட்டை பிஞ்சு, டேப் ஒட்டி, பல கை மாறின புக் எதுன்னு பாருங்க, எந்த விமர்சகர் சிபாரிசும் அதுக்கு ஈடு இல்ல. சென்னைல இருந்தா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைன்னா 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், ரெண்டுமே நாள் பூரா ஏசில உட்கார்ந்து படிக்கலாம், யாரும் எழுப்ப மாட்டாங்க.

காசு கொடுத்து வாங்கறதுன்னா ஜனவரி பொங்கல் சமயத்துல சென்னை புத்தகக் கண்காட்சி, 1977ல இருந்து பபாசிங்கற பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கம் நடத்தறது, வழக்கமா பத்து பர்சென்ட் தள்ளுபடி இருக்கும். போற முன்னாடி மூணு புக் பேரை மட்டும் எழுதி எடுத்துட்டுப் போங்க, இல்லைன்னா பை நிறைய வாங்கிட்டு வந்து பரண்ல வச்சுடுவீங்க. கல்கி மாதிரி நாட்டுடைமை ஆன, அதாவது யார் வேணும்னாலும் அச்சுப் போடலாம்னு அரசாங்கம் விட்டுட்ட எழுத்தாளர்கள் புக்கை ஏகப்பட்ட பதிப்பகம் போடறாங்க, அதுல எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கா, சுருக்கின பதிப்பான்னு கடையிலயே புரட்டிப் பார்த்துடுங்க. பழைய புக்குன்னா மதுரைத் திட்டம்னு 1998ல இருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு பண்ணி இலவசமா போடற நூலகம் இருக்கு, பதிப்புரிமை தாண்டின எவ்வளவோ அங்க கிடைக்கும். வாட்ஸப்ல சுத்தற பிடிஎஃப் பத்தி ஒரே வார்த்தை: உயிரோட இருக்கற எழுத்தாளர் புக்கை அப்படிப் படிக்காதீங்க, தமிழ்ல ஒரு நாவல் ஆயிரம் பிரதி வித்தாலே பெரிய விஷயம்னு பதிப்பாளர்கள் புலம்பிட்டு இருக்காங்க.

ஸ்டெப் 3: படிக்கறப்போ

முன்னுரையை முதல்ல படிக்காதீங்க. இதை நான் கொட்டை எழுத்துல எழுதி ஒவ்வொரு லைப்ரரியிலயும் ஒட்டணும்னு நினைக்கறேன். தமிழ்ல அணிந்துரை எழுதறவங்களுக்கு ஒரு வியாதி, கதையை முழுசா சொல்லி, யார் சாகறாங்கன்னும் சொல்லி, கடைசியில "வாசகர்கள் படித்து இன்புறுக"ன்னு முடிப்பாங்க. இன்னும் என்ன இன்புறுக? நேரா ஒண்ணாம் அத்தியாயத்துக்குப் போங்க, முன்னுரையை கடைசியில படிச்சா அது உங்ககூட பேச உட்கார்ந்த முதல் ஆள் மாதிரி ஆயிடும், அவர் சொல்றதோட நீங்க சண்டை போடலாம்.

வட்டார வழக்கு வந்தா பயப்படாதீங்க. வெக்கை, கி.ரா.ன்னு சொல்ற கி.ராஜநாராயணனோட கோபல்ல கிராமம், தோப்பில் முகமது மீரானோட நாவல்கள், ஜோ டி குரூஸோட கடற்கரை எல்லாத்துலயும் முதல் இருபது பக்கம் கொஞ்சம் திக்கும். சத்தமா வாய்விட்டுப் படிங்க, கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிஞ்சுடும், நிஜமாவே புரியும். தெரியாத வார்த்தைக்கெல்லாம் நின்னு அகராதி பார்க்க வேண்டாம், அதே வார்த்தை மூணாவது தடவை வர்றப்போ தானா அர்த்தம் வந்துடும். அப்பவும் அரிப்பு தாங்கலைன்னா கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி இருக்கு, அதையே தனியா ஒரு புக்கா படிக்கலாம், அவ்ளோ ருசி.

பேர் குழம்பினா ஒரு துண்டுச் சீட்டுல யாருக்கு யார் என்ன உறவுன்னு எழுதி புக்மார்க்கா வச்சுக்கோங்க. அதே சீட்டோட பின்பக்கம் மூணே விஷயம் குறிங்க, பக்க எண்ணோட: ஒண்ணு, எங்க நீங்க சட்டுனு நிமிர்ந்து உட்கார்ந்தீங்க. ரெண்டு, எங்க போர் அடிச்சு போனை எடுத்தீங்க. மூணு, எந்த இடத்துல "இவன் ஏன் இப்படிப் பண்ணான்"னு கேள்வி வந்துச்சு. லைப்ரரி புக்ல மட்டும் பேனாவால கோடு போடாதீங்க ப்ளீஸ், முன்னாடி படிச்ச புண்ணியவான் "உண்மை!!!"ன்னு ஓரத்துல எழுதி வச்சிருக்கறதைத் தாண்டி நாங்க படிக்க வேண்டியிருக்கு.

அம்பது பக்கம் தாண்டியும் உள்ள இழுக்கலைன்னா மூடி வச்சிடுங்க. யாரும் பரீட்சை வைக்கப் போறதில்ல. ஆனா எந்தப் பக்கத்துல மூடினீங்கன்னு மட்டும் குறிச்சுக்கோங்க, அதுவும் ஒரு கருத்துதான்.

ஸ்டெப் 4: கருத்து சொல்றது

இங்கதான் நிறைய பேர் கதையைச் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. "அதாவது ஒரு ஊர்ல ஒருத்தர் இருக்கார், அவருக்கு ரெண்டு பசங்க"ன்னு இருபது நிமிஷம் போகும், கேட்டவர் கொட்டாவி விடுவார், கடைசியில "நல்லா எழுதியிருக்கார்"னு முடியும். அதுல உங்க கருத்து எங்க?

ஒரே ஒரு கேள்வியை மனசுல வச்சுக்கோங்க: எந்த இடம்? பிடிச்சது, பிடிக்கல, கோவம் வந்துச்சு, அழுதேன், எதுவா இருந்தாலும் எந்த இடத்துலன்னு சொல்லுங்க. தண்ணீர் நாவலையே எடுத்துக்குவோம். "தண்ணிக் கஷ்டத்தை அருமையா படம்பிடிச்சிருக்கார்"னு சொன்னா அதை புக் படிக்காமலே சொல்லலாம், அட்டையைப் பார்த்தாலே போதும். அதுவே "டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கையை ஜமுனாகிட்ட சொல்ற இடம் இருக்குல்ல, அதுக்கு முன்னாடி வரைக்கும் எனக்கு ஜமுனா மேல எரிச்சலா வந்துச்சு, அவ தன் கஷ்டத்துக்குள்ளயே உட்கார்ந்திருக்கா, அந்தப் பேச்சுக்கு அப்புறம்தான் அவளுக்கு அடுத்த வீட்டு ஆளுங்க கண்ணுல படறாங்க"ன்னு சொல்லிப் பாருங்க. எதிர்ல இருக்கறவர் "இல்லையே, எனக்கு அந்த இடம் கொஞ்சம் உபதேசமா இருந்துச்சே"ன்னு சொல்வார். பேச்சு ஆரம்பிச்சாச்சு. "ஒண்ணுமே நடக்கல"ன்னு நினைச்சவரும் இதே மாதிரி, என்ன நடக்கும்னு எதிர்பார்த்தேன், எந்தப் பக்கம் வரைக்கும் எதிர்பார்த்துட்டு இருந்தேன்னு சொன்னா அது குறை சொல்றதா இருக்காது, பாதி விமர்சனமே ஆயிடும்.

வாசகர் கருத்துக்கு என்ன பெரிய மதிப்புன்னு யோசிக்கறவங்களுக்கு ஒரு சம்பவம் சொல்றேன். 1966ல ஆனந்த விகடன்ல ஜெயகாந்தன் அக்கினிப் பிரவேசம்னு ஒரு சிறுகதை எழுதினார். மழை, பஸ் ஸ்டாப்ல தனியா நிக்கற காலேஜ் பொண்ணு, கார்ல வந்தவன் லிஃப்ட் கொடுக்கறான், அந்த கார்லயே அவளைக் கெடுத்துடறான். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்றா. அம்மா அலர்றா, சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துல விசாரிக்க, பொண்ணு மழையில நனைஞ்சுட்டு வந்துட்டான்னு சமாளிச்சுட்டு, உள்ள போய் மகள் தலையில குடம் குடமா தண்ணி ஊத்தி, உன் மேல கறை இல்லைன்னு சொல்றா. இதுக்குக் கிளம்பின சண்டை கொஞ்ச நஞ்சம் இல்ல, அம்மா பண்ணது சரின்னு ஒரு கூட்டம், அது எப்படி சரியாகும், குடும்பப் பத்திரிகைல இப்படி எழுதலாமான்னு ஒரு கூட்டம்.

இப்போ ஜெயகாந்தன் என்ன பண்ணார்னு பாருங்க. அந்த அம்மா அப்படி மறைக்காம, உலகத்துல நிறைய அம்மாங்க பண்ற மாதிரி கத்தி ஊரைக் கூட்டியிருந்தா அந்தப் பொண்ணோட கதி என்னன்னு ஒரு முழு நாவல் எழுதிட்டார். அதுதான் சில நேரங்களில் சில மனிதர்கள், 1972ல சாகித்ய அகாதெமி விருது அதுக்குத்தான். அதுல கங்கான்னு வர்றவளுக்கு அண்ணன் வீட்டுல இடமில்லாம போகுது, மாமா ஒருத்தர் படிக்க வைக்கறார், அந்த மாமாவோட பார்வையும் சரியில்ல. இதுல குறும்பு என்னன்னா, முன்னாடி வந்த சிறுகதையே இந்த நாவலுக்குள்ள பத்திரிகைல வந்த ஒரு கதையா வருது, அதை எழுதினவரும் ஒரு பாத்திரமா வர்றார், கதையில வந்த அம்மாவும் நிஜத்துல இருந்த அம்மாவும் எதிர் எதிரா நிக்கறாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து படிங்க, முதல்ல சிறுகதை, அப்புறம் நாவல். படிச்சுட்டு, ரெண்டு அம்மாவுல யாரு மேல உங்களுக்குக் கோவம் வருதுன்னு வீட்டுல ஒரு பெரியவங்ககிட்டயும் காலேஜ் போற ஒருத்தர்கிட்டயும் கேட்டுப் பாருங்க. இன்னொண்ணும் கேக்கலாம், ஏன் எல்லாரும் அம்மாவைப் பத்தியே பேசறோம், கார்ல வந்தவனை ஏன் யாரும் கூண்டுல ஏத்தலைன்னு. ராத்திரி சாப்பாடு ஆறிப் போயிடும், அவ்ளோ பேச்சு இருக்கு அதுல.

பேசறப்போ மூணு விஷயத்துல கவனம். பாத்திரம் சொல்றதை எழுத்தாளர் சொல்றதா எடுத்துக்காதீங்க. அம்மா வந்தாள் நாவல்ல கல்யாணத்துக்கு வெளிய உறவு வச்சிருக்கற அலங்காரத்தம்மா பண்றதை தி.ஜா. (தி.ஜானகிராமன்) நியாயப்படுத்தறாரான்னு அம்பது வருஷத்துக்கு மேல சண்டை நடக்குது, நடக்கட்டும், ஆனா "நியாயப்படுத்தறார்"னு சொல்றவர் எந்த வரின்னு காட்டணும், இல்லைன்னா சும்மா இருக்கணும். ரெண்டாவது, நம்ம ஊர்ல புக்கைத் திறக்கற முன்னாடியே "எழுதினவர் என்ன ஆளு"ன்னு ஒரு கேள்வி வரும், ஜாதியையோ கட்சியையோ தெரிஞ்சுக்கிட்டு அதுக்கேத்த கருத்தை ரெடியா வச்சிருப்பாங்க. எழுதறவர் எங்க நின்னு எழுதறார்னு பார்க்கறது தப்பே இல்ல, இமையத்தோட கோவேறு கழுதைகள் மேல நடந்த விவாதமே அதுதானே, ஆனா முதல்ல அதுல துணி வெளுக்கற ஆரோக்கியத்தோட கதையை முழுசா படிச்சுட்டு அங்க வாங்க. மூணாவது, முழுசா படிக்காம தீர்ப்பு சொல்லாதீங்க. பெருமாள்முருகனோட மாதொருபாகன் விஷயத்துல சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஊருக்குள்ள கொடுத்துதான் பிரச்சனையே பெருசாச்சு, 2010ல வந்த நாவல், 2015 ஜனவரில அவர் இனிமே எழுத மாட்டேன்னு சொல்ற நிலைமைக்குப் போய், 2016ல ஹைகோர்ட் தீர்ப்பு அவருக்கு ஆதரவா வந்த அப்புறம்தான் திரும்ப எழுத வந்தார். நாலு பக்கத்தை வச்சு நடக்கற கூத்து எவ்ளோ தூரம் போகும்னு அதுலயே தெரியும்.

ஸ்டெப் 5: நாலு பேரைச் சேருங்க

தனியா படிச்சுட்டு தனியாவே வச்சிருக்கறது கொஞ்ச நாள்ல சலிச்சுடும். நாலு பேர் போதும், அஞ்சு பேர்னா இன்னும் நல்லது, பத்தைத் தாண்டினா அது கூட்டம் ஆயிடும், கூட்டம் ஆச்சுன்னா நம்மாளுங்க உடனே மைக், பேனர், சிறப்பு விருந்தினர், பொன்னாடைன்னு இறங்கிடுவாங்க, கடைசியில வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் நடுவுல நாவலுக்கு பத்து நிமிஷம் மிஞ்சும். மொட்டை மாடி, பார்க், பீச் மணல், எது வேணும்னாலும் சரி. கிளை நூலகத்துல வாசகர் வட்டம்னு ஒண்ணு இருக்கும், பேருக்கு இருந்தாலும் இருக்கும், நூலகர்கிட்ட கேட்டா ஞாயித்துக்கிழமை ஒரு ரூமைத் திறந்து விடக்கூட வாய்ப்பு இருக்கு, ஆள் வர மாட்டேங்குதேன்னு அவங்களும் கவலையிலதான் இருக்காங்க.

மாசம் ஒரு புக், தேதியை முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, ரெண்டாவது ஞாயிறுன்னா ரெண்டாவது ஞாயிறுதான், "எல்லாருக்கும் எப்போ வசதி"ன்னு கேக்க ஆரம்பிச்சா அந்த நாள் வரவே வராது. புக்கை சிபாரிசு பண்றவர் அது எங்க கிடைக்கும்னும் சொல்லணும், அச்சுல இல்லாத புக்கைச் சொல்லி பெருமை அடிக்கறவங்க எல்லா குரூப்லயும் ஒருத்தர் இருப்பாங்க. பிடிக்காதவரை முதல்ல பேச விடுங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா முதல் மூணு பேர் ஆஹா ஓஹோன்னு பேசிட்டா நாலாவது ஆள் தனக்குப் பிடிக்கலைன்னு சொல்ல கூச்சப்படுவார், அவர்கிட்டதான் பல சமயம் உருப்படியான விஷயம் இருக்கும். ஆளுக்கு அஞ்சு நிமிஷம், குறுக்க பேசக்கூடாது, எல்லாரும் பேசி முடிச்ச அப்புறம் அடிச்சுக்கலாம். அந்த துண்டுச் சீட்டை எடுத்துட்டு வரணும், பக்க எண் சொன்னா எல்லாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பணும், ஒருத்தர் சத்தமா வாசிக்கணும். பாதி சண்டை இப்படி வாசிச்ச உடனே வேற பக்கம் திரும்பிடும், ஏன்னா நாம ஞாபகத்துல வச்சிருந்த வரி ஒண்ணு, அங்க அச்சுல இருக்கறது ஒண்ணு.

படிக்காம வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம், டீ வாங்கிட்டு வர்ற வேலையைக் கொடுங்க. எழுத்தாளரையே கூப்பிடற அளவுக்கு வளர்ந்துட்டீங்கன்னா சந்தோஷம், "இது உங்க சொந்த அனுபவமா சார்"னு மட்டும் கேக்காதீங்க, அவர் அதைக் கேட்டு கேட்டு நொந்து போயிருப்பார்.

அடுத்தடுத்த மாசத்துக்கு புக் எடுக்கறப்போ ஜோடி ஜோடியா எடுங்க, ஒண்ணு சொன்னதை இன்னொண்ணு மறுக்கற மாதிரி. ஒரு மாசம் தி.ஜா.வோட காவிரிக்கரைன்னா அடுத்த மாசம் பூமணியோட கரிசக்காடு, தஞ்சாவூர்ல தண்ணியும் சங்கீதமும் எவ்ளோ தாராளமா வருதுன்னும் கோவில்பட்டிப் பக்கம் ஒரு வாய் தண்ணிக்கு என்ன பாடுன்னும் தானா பேச்சு வரும். சல்மாவோட இரண்டாம் ஜாமங்களின் கதைக்கு அடுத்து தோப்பில் முகமது மீரானோட ஒரு கடலோர கிராமத்தின் கதை, ரெண்டும் முஸ்லிம் ஊர்தான், ஒண்ணுல வாசலுக்கு உள்ள இருக்கறவங்க பேசறாங்க, இன்னொண்ணுல கேமரா தெருவுல நிக்குது. அசோகமித்திரனோட பதினெட்டாவது அட்சக்கோடுல, இந்தியாவோட சேர்ற சமயத்து 1948 ஹைதராபாத்தை செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்து ஒரு தமிழ்ப் பையன் பார்க்கறான், அதுக்கு ஜோடியா ப.சிங்காரத்தோட புயலிலே ஒரு தோணி, இரண்டாம் உலகப் போர் சமயத்துல மலேயா, இந்தோனேசியாப் பக்கம் சுத்தற தமிழன். இந்த ரெண்டாவது கொஞ்சம் கஷ்டம், முதல் அம்பது பக்கம் தலை சுத்தும், அதனால அதுக்கு மட்டும் ரெண்டு மாசம் ஒதுக்கிக்கோங்க.